குழலியின் ஃபோல்டரில் ஒரு புது ஃபைல்

விஜயகுமாரி அக்காவுக்கு எதையும் கேட்டு வாங்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவள்மேல் எனக்கு இருக்கும் ஆத்திரத்தில் பாதி இதனால்தான். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் காலியாக இருந்தாலும், யாராவது கேட்பார்களோ என்று நடுவில்தான் உட்காருவாள். எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்தால், "எனக்குக் கறி வேணாம் சைரா, குஸ்கா போதும்" என்பாள். கறி பிடிக்காதவளா என்றால் இல்லை, இரண்டாம் முறை வைத்தால் மறுபேச்சு இல்லாமல் சாப்பிடுவாள்.

நெமிலிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணமாகி ராணிப்பேட்டைக்கு வந்தவள். வந்த கையோடு ஷூ கம்பெனியில் சேர்ந்து, இன்றுவரை ஷூவின் மேல்தோல் தைக்கிறாள். தையல் லைனில் அவளுக்கு அடுத்த மெஷின் என்னுடையது. வீடும் அடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். அவள் மிளகாய் தாளித்தால் நான் தும்முவேன். அதனால் அவள் கதையைச் சொல்ல என்னைவிட உரிமையுள்ள ஆள் கிடையாது.

அவள் வீட்டுக்காரர் சுந்தரமூர்த்தி அண்ணன் வேறொரு கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். ஒரு ஷூவுக்கு எந்தெந்தத் துண்டை எந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கும் வேலை. நல்ல மனிதர். குடி கிடையாது, சண்டை கிடையாது. ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையை வரவழைப்பதற்குள் நமக்கு வயசாகிவிடும்.

அவர்களுக்கு ஒரே பெண், பூங்குழலி. காலேஜில் கூடப் படித்த சூரியபிரகாஷை விரும்பினாள். வேறு சாதி. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்து, கேட்காமலே பதிவுத் திருமணம் செய்துகொண்டு அவனோடு புனேக்குப் போய்விட்டாள். அண்ணன் கத்தவில்லை, அடிக்க ஆள் அனுப்பவில்லை. "இனிமே இந்த வூட்ல அவ பேரை எடுக்கக் கூடாது" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். சுவரில் இருந்த அவள் பட்டமளிப்பு போட்டோவைக் கழற்றி எங்கேயோ வைத்தார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அக்கா என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

கொஞ்ச நாள் அக்கா சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியிலிருந்து மகளோடு ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தாள். ஒருநாள் குழலியே அதை நிறுத்தினாள். "இப்டித் திருட்டுத்தனமா பேசறது வேணாம்மா. நான் இன்னா தப்பு பண்ணிட்டேன்? அப்பா எதிர்ல எப்ப பேசறியோ அப்ப பேசு" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் அழைக்கவும் இல்லை, இவள் அழைத்தால் எடுக்கவும் இல்லை. அப்பனைப் போலவே பிறந்திருக்கிறது. இரண்டு பிடிவாதத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் அக்கா. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், அந்த வீட்டில் அந்தப் பெண்ணின் குரல் கேட்க வேண்டும். அதையும் அவள் யாரிடமும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

போன வருஷக் கடைசியில் குழலியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு குழந்தை வந்தது. மஞ்சள் குல்லா போட்ட பெண் குழந்தை. என் போனில்தான் வந்தது, அக்காவுக்கு மட்டும் அது தெரியாதபடி குழலி வைத்திருந்தாள். பஸ்ஸில் காட்டினேன். அக்கா போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். திரை அணைந்தால் தொட்டுத் தொட்டு வெளிச்சம் வரவைத்தாள்.

"அவரு மூக்கு" என்றாள்.

"சொல்லுக்கா அண்ணன்கிட்ட" என்றேன்.

"எப்டிடி சொல்றது? பேரையே எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரே."

எனக்கு வந்த கோபத்தில் அவளோடு இரண்டு நிறுத்தம் பேசவில்லை.

அவர்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. கொரோனா சமயத்தில் அண்ணன் வீட்டிலிருந்தே வேலை செய்யக் கம்பெனி கொடுத்தது, பிறகு பழசாகிவிட்டது என்று அவரிடமே விட்டுவிட்டார்கள். குழலியும் அதில்தான் காலேஜ் வகுப்பெல்லாம் கவனித்தாள். அவள் பெயரில் ஒரு ஃபோல்டர் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கறி வாங்கப் போய் தோஸ்துகளோடு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வருவதற்குள், அக்கா அந்த ஃபோல்டரைத் திறந்து போட்டோ பார்ப்பாள். மவுஸ் பிடிக்கவே அதற்காகத்தான் கற்றுக்கொண்டாள். பார்த்து முடித்ததும் கம்ப்யூட்டரை அணைத்து, துணியைப் பழையபடி மூடி வைத்துவிடுவாள். சொந்த வீட்டில் திருடி மாதிரி இதெல்லாம் தேவையா என்று நான் கேட்டிருக்கிறேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள். போனேன். போட்டோக்களுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் மாதிரிப் படம், அதன் அடியில் 'pk' என்று இரண்டே எழுத்து.

"இது முன்னாடி இல்ல சைரா. எனக்கு இதுல இருக்கிறது ஒவ்வொண்ணும் தெரியும். தேதி பாரு, போன வாரத்து தேதி போட்டுருக்கு."

"சரி, அதுக்கு?"

"பூங்குழலிதான. பீ, கே. அவதான் அனுப்பிருக்கா. நெட்ல அனுப்பலாம் இல்ல?"

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் புனேயிலிருந்து ஒரு ஃபைல் தானாக நடந்து ராணிப்பேட்டைக்கு வந்து, கதவைத் தட்டாமல் உள்ளே உட்காராது என்கிற அளவுக்குத் தெரியும். அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல மனசு வரவில்லை. இரண்டு தடவை தட்டிப் பார்த்தோம். திறக்கவில்லை. சிவப்பு நிறத்தில் பெருக்கல் குறி போட்டு, இங்கிலீஷில் ஏதோ கட்டம் வந்தது. மூடிவிட்டு மறுபடியும் தட்டினாள். மறுபடியும் அதே கட்டம்.

என் தம்பி அமீர் பாஷா மேல்விஷாரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அடுத்த ஞாயிறு, அண்ணன் வெளியே போன சமயமாகப் பார்த்து வரவழைத்தேன். உட்கார்ந்தான், என்னென்னவோ அழுத்தினான், உதட்டைப் பிதுக்கினான்.

"ஆபா, இது இன்னா மாதிரி ஃபைல்னே தெரியல. எந்த சாப்ட்வேர்லயும் தெறக்கல. வைரஸா இருந்தாலும் இருக்கும். டெலிட் பண்ணிட்டா பேஜார் இல்ல."

அவன் சொல்லி முடிக்கவில்லை, அக்கா அவன் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கிக்கொண்டாள். "தொடாத தம்பி" என்றாள். குஸ்கா போதும் என்று சொல்கிற அதே பெண்பிள்ளைதான். அமீர் என்னைப் பார்த்தான், நான் கூரையைப் பார்த்தேன்.

பிறகு அவன் மரியாதையாக அந்த இங்கிலீஷ் கட்டத்தைப் படித்துச் சொன்னான். "சாவி இல்லன்னு சொல்லுது ஆன்ட்டி. காசு குடுத்து வாங்கற பெரிய சாப்ட்வேரு சிலது இப்டி இருக்கும். சின்னதா ஒரு சாவி குடுப்பாங்க, பென் டிரைவ் மாதிரி. அதைச் சொருகுனாதான் தெறக்கும்." அந்த ஃபைலை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அக்கா அதைப் பர்ஸில் போட்டு, பர்ஸை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு அடுத்த மெஷினில் உட்கார்ந்திருந்தது எனக்குத்தான் கஷ்டம். குழந்தை சிரிக்கிற வீடியோ என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, இல்லை, குழலி பேசிப் பதிவு பண்ணி அனுப்பியிருப்பாள் என்பாள். ஊசியை நிறுத்திவிட்டு, "அந்த ஊர்ல இந்திதான பேசுவாங்க? குழந்தைக்குத் தமிழ் வருமா சைரா? நான் பேசினா புரியுமா?" என்று கேட்டாள். வராத வீடியோவில் இருக்கிற குழந்தைக்குப் பாட்டுகூடத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். கேட்கக் கேட்க எனக்கு ஏமாந்து போவாளே என்கிற பயம் ஒரு பக்கம். ஒருவேளை நிஜமாக இருந்துவிட்டால் என்று எனக்கே ஆசை வந்தது இன்னொரு பக்கம்.

எங்கள் கம்பெனியில் பேட்டர்ன் ரூமில் நவநீதன் என்று ஒரு பையன், போன வருஷம்தான் கல்யாணம் ஆனவன், எல்லாரோடும் சிரித்துப் பேசுவான். கேன்டீனில் அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவனிடம் பேச்சோடு பேச்சாக இந்தச் சாவி விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"சாவியா? எங்க கம்ப்யூட்டர்ல சொருகி வெச்சிருக்கோமே, கறுப்பா சின்னதா. பேட்டர்ன் வரையற சாப்ட்வேர்க்கா அது. இந்தப் பக்கம் பாதி கம்பெனில இதான்."

கறுப்பாக, சின்னதாக. சுந்தரமூர்த்தி அண்ணன் சட்டைப்பையில் அப்படி ஒன்று பேனாவோடு எப்போதும் கிடப்பது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். துவைக்கப் போடும்போது எடுத்து வைப்பவளே அவள்தான். அவள் கையில் இருந்த சோறு கையிலேயே நின்றது.

"அப்ப அவரு வேலை ஃபைலு. கைதவறி அவ ஃபோல்டர்ல போட்டுட்டாரு போலிருக்கு" என்றாள். டப்பாவை மூடினாள். "வுடு சைரா."

எனக்கு விடத் தெரியாது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பேட்டர்ன் ரூமுக்குப் போனேன். நவநீதன் பென் டிரைவைப் போட்டான். அக்கா வீட்டில் அத்தனை நாள் அடம்பிடித்த ஃபைல் அவன் தட்டியதும் திறந்துகொண்டது. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகள். வளைவு, மடிப்பு, தையல் போகிற இடத்துக்குப் புள்ளி.

"லேடீஸ் ஷூ. சூப்பரா வரைஞ்சிருக்காரு" என்றவன், திரைக்குப் பக்கத்தில் போனான். "இன்னா இது? ரெண்டு காலும் வரைஞ்சு வெச்சிருக்காரு?"

"ஷூன்னா ரெண்டு கால்தானடா" என்றேன்.

"இல்லக்கா. நாங்க ஒரு காலுக்குத்தான் வரைவோம். வெட்டும்போது அந்த அச்சையே தோலு மேல திருப்பிப் போட்டா அடுத்த காலு வந்துடும். யாரும் ரெண்டு வரைய மாட்டாங்க, ரெட்ட வேலை. அதுவும் பாரு, ரெண்டும் ஒண்ணா இல்ல. இடது காலு சின்னதா, ஒல்லியா கீது. அண்ணன் எங்கியோ தப்பு பண்ணிட்டாரு."

"தப்பு இல்ல தம்பி" என்றாள் அக்கா. பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

குழலி பிறக்கும்போது இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பி இருந்தது. கைக்குழந்தையிலேயே வேலூர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு ஆபரேஷனும் பண்ணி நேராக்கிவிட்டார்கள். நடப்பாள், ஓடுவாள், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பாதம் மட்டும் கொஞ்சம் சின்னதாகவே நின்றுவிட்டது. கடையில் விற்கிற எந்த ஜோடியும் அவளுக்குச் சரிப்படாது, ஒன்று கடிக்கும், ஒன்று கழன்றுவிடும். அதனால் வருஷா வருஷம் பள்ளிக்கூடம் திறக்கும்போது அண்ணன் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, தான் தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தனித்தனியாக அளந்து ஷூ செய்து தருவார். ஷூ ஊரில் பிறந்தும் கடையில் ஷூ வாங்காத பெண் அவள் ஒருத்திதான் என்று தெருவில் கேலி செய்வோம்.

நவநீதன் அந்த ஃபைலுக்குள் பழைய வரைவுகளையும் காட்டினான். அவள் வீட்டைவிட்டுப் போன வருஷத்தில் ஒன்று, அதற்கடுத்து ஒன்று என்று அண்ணன் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார். முதலில் காலேஜுக்குப் போடுகிற மாதிரி சாதாரணமாக இருந்தது. கடைசியில் வரைந்தது மெலிந்த முனையோடு, ஆபீஸ் போகிற பெண் போடுகிற மாதிரி. அவள் வளர்ந்து வேலைக்குப் போவதையெல்லாம் மனுஷன் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். தன் கம்பெனியில் வரைந்து வைத்திருந்ததை இப்போதுதான் கொண்டுவந்து அவள் ஃபோல்டரில் போட்டிருக்க வேண்டும்.

அக்கா அழுதாள். நான் அவள் சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். "அப்ப குழலி எனக்கு ஒண்ணும் அனுப்பலியா சைரா" என்றாள்.

அந்த நிமிஷத்தில் சுந்தரமூர்த்தி அண்ணன் எதிரில் வந்திருந்தால் என்ன கேட்டிருப்பேனோ தெரியாது. பெற்றவளை மகள் பேரைக்கூடச் சொல்லவிடாமல் வாயைக் கட்டிவிட்டு, நீ மட்டும் அவளுக்கு ஷூ வரைந்துகொண்டிருந்தாயா? இந்தப் பாசத்தை ஒரு வார்த்தையாகச் சொன்னால் உனக்கு என்ன குறைந்துபோகும்? கோபம் வந்த வேகத்திலேயே எனக்கும் அழுகை வந்துவிட்டது. நவநீதன் பாவம், இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு கதவை எட்டி எட்டிப் பார்த்தான்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அப்புறம் கேட்டாள். எனக்குத் தெரிந்து அவள் வாய்விட்டு ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நவநீதா, இதை வெட்டித் தர்றியா?"

மாதிரி ஷூ செய்கிற சாம்பிள் மாஸ்டரிடம் அவனே பேசிச் சம்மதம் வாங்கினான். மிச்சமிருந்த பழுப்புத் தோலில் வெட்டினான். வலதுக்கு ஒரு அளவு, இடதுக்கு அதைவிடச் சின்ன அளவு. அக்கா ஷிப்ட் முடிந்ததும் உட்கார்ந்து தைத்தாள். ஒரு நாளைக்கு எத்தனையோ நூறு ஜோடி ஓடுகிற கை அது. அந்த ஒரு ஜோடிக்கு நாள்கணக்கில் எடுத்துக்கொண்டது. தைத்ததைப் பிரித்தாள், மறுபடி தைத்தாள். சாம்பிள் மாஸ்டர் சோல் ஒட்டி முடித்துக் கொடுத்தார். நான் புனே முகவரியை சூரியபிரகாஷிடம் கேட்டு வாங்கினேன். டப்பாவில் நாலு வரி எழுதிப் போடு என்றதற்கு, "எழுத இன்னா இருக்கு" என்று சொல்லி மூடிவிட்டாள்.

கூரியர் போய்ச் சேர்ந்துவிட்டதாக எனக்கு மெசேஜ் வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. அக்கா போனை மெஷின் மேல் திரை தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு தைத்தாள். சூப்பர்வைசர் திட்டினால் எடுத்து மடியில் வைப்பாள், அவர் நகர்ந்ததும் மறுபடி மேலே. "புடிக்கலியோ?" என்று ஒருநாள் கேட்டாள். இன்னொரு நாள், "வேணாம்னு திருப்பி அனுப்பிடுவாளோ?" என்றாள். அந்தப் பெண்ணுக்கு நானே போன் பண்ணி நாலு கேள்வி கேட்கலாம் என்று இருந்தேன். அக்கா கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று மழை, அண்ணன் வெளியே போகவில்லை. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இட்லி மாவு வாங்க நான் போயிருந்தேன். மேஜைமேல் அக்காவின் போன் அடித்தது. திரையில் குழலி என்று இருந்தது. அது எனக்கும் தெரிந்தது, பேப்பருக்குப் பின்னால் இருந்தவருக்கும் தெரிந்திருக்கும். பேப்பர் அசையவில்லை.

அக்கா அவரைப் பார்த்தாள். பழைய அக்காவாக இருந்தால் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடியிருப்பாள். அன்று ஓடவில்லை. ஸ்பீக்கரை அழுத்தி, போனை அவர் எதிரிலேயே வைத்தாள்.

"சொல்லு கண்ணு. அப்பா எதிர்லதான் பேசறேன்."

 அந்தப் பக்கமிருந்து குழலியின் குரல் வந்தது.

"ஷூ வந்துச்சும்மா. நீயா தைச்ச?"

"நான்தான் தைச்சேன்."

"தைச்சது நீ. வரைஞ்சது?"

அக்கா பேப்பரைப் பார்த்தாள். பேப்பர் கீழே இறங்கியது. ஷூ என்கிற வார்த்தையைக் கேட்ட அண்ணன், கம்ப்யூட்டரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். விஷயம் பிடிபட்டுவிட்டது. எழுந்து நின்றார். போச்சு, போனைத் தூக்கி எறியப்போகிறார் என்று நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஆனால் அவள் நகரவில்லை.

"நல்லா கீதும்மா" என்றாள் குழலி.  "ஆனா போட முடியல. டைட்டா இருக்கு."

அண்ணனின் முகம் மாறியது. முப்பது வருஷமாகப் பேட்டர்ன் போடுகிற மனுஷர். அவர் வரைந்து டைட் என்று திரும்பி வந்த ஷூ கிடையாது என்பார்கள். இரண்டடி எடுத்து வைத்து மேஜைக்குப் பக்கத்தில் வந்தார்.

"எந்த எடத்துல புடிக்குது?" என்று கேட்டார்.

அக்கா போனை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினாள். 

"விரல் பக்கமா, மேலயா?" என்று மறுபடி கேட்டார். "சொல்லு."

"மேலப்பா" என்றாள் குழலி. "ரெண்டு கால்லயும். பாப்பா பொறந்தப்புறம் காலு பெருசாயிட்டுச்சுப்பா. உனக்குத் தெரியாது இல்ல."

அண்ணன் மேஜையைப் பிடித்துக்கொண்டார். அக்காவைத் திரும்பிப் பார்த்தார். இவள் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.   அடுத்து வந்த குரல் எனக்குத் தெரிந்த சுந்தரமூர்த்தி அண்ணன் குரலாக இல்லை.

"பாப்பாவுக்கு... காலு ரெண்டும் ஒண்ணா இருக்காம்மா?"

அந்தப் பக்கம் குழலி ஓவென்று அழுதுவிட்டாள். "ஒண்ணா இருக்குப்பா. ரெண்டும் நேரா, ஒண்ணு போல இருக்குப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நடுவில் ஒரு குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது.

அண்ணன் போனைக் கையில் எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டார், ஸ்பீக்கர் போட்டிருப்பதையும் மறந்து.

"நான் பாக்கணும்மா" என்றார். "கூட்டிக்கினு வா."

அக்கா கையை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். அதற்கு மேல் அன்றைக்கு அந்த போன் அவள் கைக்கு வரவேயில்லை.